வண்டி ஓடட்டும், பார்க்கலாம்

பிப்ரவரி 11

இன்று நாலு பேண்ட் இடுப்பு சுருக்கினேன், ஒன்றைப் பெரிதாக்கினேன். ஊரில் எல்லாரும் இளைக்கிறார்கள், அந்த ஒருத்தர் மட்டும் எல்லாருடைய சதையையும் வாங்கி வைத்துக்கொண்டார் போல.

ஜிப் டப்பாவைத் தேடி ஷெட்டுக்குப் போனேன். அங்கே அது கிடக்கிறது, பழைய போர்வைக்கு அடியில், கட்டைகள் மேல். என் வீட்டுக்காரருடைய கார் இன்ஜின். வேலை மாற்றலாகி வெளியூருக்குப் போவதற்கு முன்னால், ஒரு விடுமுறையில் உற்சாகமாக இறக்கிப் பிரித்தார். பிரித்ததோடு சரி. பிரிப்பதில் அவருக்கு இருக்கிற கை, சேர்ப்பதில் கிடையாது. கார் முன்பக்கம் காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி நிற்கிறது.

இந்த வீட்டில் எல்லாமே அந்த வண்டிக்காகக் காத்திருக்கிறது. அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவது. மொட்டைமாடிக் கதவை மாற்றுவது. கடலைப் பார்க்கப் போவது. எதைக் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “வண்டி ஓடட்டும், பார்க்கலாம்.” நேற்று போனில், எப்ப வருவீங்க என்று கேட்டேன். போன மாசம் வரவில்லை, அதற்கு முந்தின மாசமும் வரவில்லை. அதற்கும் அதே பதில்தான். வண்டி இங்கே, அவர் அங்கே. அது தானாக எழுந்து ஓடுமா?

போர்வையை விலக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி. நான் ஓட்டிக் காட்டுகிறேன். அப்போது வந்துதானே ஆகணும்?

பிப்ரவரி 12

ஒரு போல்ட்டின் பெயர்கூடத் தெரியாது எனக்கு. ஆனால் எவனோ பிரித்துப் போட்டதைத் தைத்துக் கொடுத்துத்தானே இத்தனை வருஷம் சாப்பிடுகிறேன்.

பிப்ரவரி 15

கடை விடுமுறை. காரோடு வந்த தடிப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். போனில் வீடியோவும் பார்த்தேன். ஒரு வெளிநாட்டுக்காரர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு சொட்டு அழுக்கில்லாமல் இன்ஜின் கட்டுகிறார். பாதி புரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். கை புரிகிறது.

எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு மறந்து போகும். பெரிய இரும்புப் பெட்டி ஒன்று, அதுதான் பிளாக். அதில் நாலு குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தை வாங்கிச் சுற்றுகிற வளைந்த தண்டு கிராங்க். மேலே மூடுகிற கனமான மூடி ஹெட். நம் தையல் மெஷினையே எடுத்துக்கொள். காலால் மிதிக்கிறோம், சக்கரம் சுற்றுகிறது, ஊசி ஏறி இறங்குகிறது. இங்கே தலைகீழ்: ஊசி ஏறி இறங்கிச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அவ்வளவுதானே! இதற்கா அவர் அவ்வளவு பீற்றிக்கொண்டார்?

அத்தை, அதாவது அவருடைய அம்மா, வாசற்படியில் நின்று பார்த்தார்.

“என்னம்மா பண்ற?”

“இன்ஜின் கட்டப் போறேன் அத்தை.”

“போன மாசம் மிக்ஸி மூடியைக் கழட்டிட்டு மாட்டத் தெரியாம எடுத்து உள்ள வெச்சவதானே நீ?”

“அது வேற, இது வேற.”

“ஆமா. அது சின்னது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் முக்காலியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். சீரியல் நேரத்தில்! அதுவே பெரிய விஷயம்.

பிப்ரவரி 21

பிளாக்கை ஆட்டோவில் ஏற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் முதலில் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“சார் வரலையா மேடம்?”

“ஊர்ல இல்லை.”

“வந்ததும் வரச் சொல்லுங்களேன்.”

“அவர் வர்றதுக்குத்தான் இதைப் பண்றேன்” என்றேன். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது. அவர் குழிகளை அளந்து பார்த்தார். தேய்மானம் அதிகமில்லை, உள்ளே லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பு ஏற்றினால் போதும், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் புதிது போடணும் என்றார். பிஸ்டனைச் சுற்றிப் போடுகிற இரும்பு வளையம் ரிங். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் வைக்கிற வழவழப்பான தகடு பேரிங். இரண்டு பாகம் சேருகிற இடத்தில் ஒழுகாமல் வைக்கிற அட்டை கேஸ்கெட். இவ்வளவு பேர் நடுவில் இருந்து சமாதானம் பண்ணினால்தான் ஒரு இன்ஜின் ஓடும் போலிருக்கிறது.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். “பிஸ்டன் தண்டுக்கெல்லாம் அடியில ஒரு மூடி இருக்கும் பாருங்க. அதது அதோட ஜோடியோடதான் போகணும். ஜோடி மாத்திப் போட்டுடாதீங்க, இறுகிக்கும், ஓடாது.”

அப்படியா? சரி.

மார்ச் 1

உயிரை வாங்கிவிட்டார் அத்தை.

கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் எனக்கு உதவி செய்கிறேன் என்று எல்லா மூடிகளையும் ஒரே தொட்டியில் போட்டு, பாத்திரம் தேய்க்கிற நார் போட்டு, பளபளவென்று தேய்த்து, துணியில் பரப்பிக் காய வைத்திருக்கிறார். எது எந்தத் தண்டோடது? எல்லாம் ஒரே ஜாடை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“சுத்தமா இருக்கா?” என்று வேறு கேட்டார்.

“அத்தை, இதெல்லாம் ஜோடி ஜோடியா இருந்தது. கலந்துட்டீங்க.”

அவர் முகம் சின்னதாகிவிட்டது. “நாலு கரண்டி கழுவற மாதிரிதானேம்மா...”

மத்தியானம் முழுக்க லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்தேன். கறுப்பு நூல் போட்டுக் கறுப்புத் துணி தைக்கும்போது தையலைப் பார்க்கிற லென்ஸ். கடைசியில் மூடியின் பக்கவாட்டில் ஒரு கோடு, இரண்டு கோடு என்று குத்தியிருப்பது தெரிந்தது. தண்டிலும் அதே கோடுகள். அத்தை தேய்த்ததால்தான் தெரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், நியாயம். அதை அவரிடம் சொன்னதும் பெருமையில் அரை மணி நேரம் கீழே இறங்கவில்லை.

ஒவ்வொரு மூடியையும் அதன் தண்டோடு சேர்த்துத் துணி நாடாவால் கட்டி வைத்தேன். நாலு ஜோடி.

மார்ச் 8

இன்று அவரிடம் சொல்லிவிட்டேன். முடிந்த பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன், வாய் நிற்கவில்லை.

“நீயா? இன்ஜினா?” சிரித்தார். எத்தனை நாளாயிற்று அவர் சிரித்துக் கேட்டு! அந்தச் சிரிப்புக்காக இன்னொரு இன்ஜின் கட்டலாம் போலிருந்தது. “எதையாவது உடைச்சு வெச்சுடாத. நான் வந்து பார்த்துக்கறேன்.”

“எப்ப வருவீங்க?”

அப்போது அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல். “சாப்பாடு ஆறுது பாருங்க.”

“யாரு?”

“டிவி.”

டிவியில் யாருக்குச் சாப்பாடு ஆறுகிறது என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும். அவர் இருக்கிற இடத்தில் சுவர் மெல்லிசு என்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 15

கிராங்க் உட்கார்ந்துவிட்டது!

குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி நானும் அத்தையும் ஆளுக்கொரு முனை பிடித்து இறக்கினோம். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால் இந்த ஒப்பீட்டுக்கு எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. புதுப் பேரிங், அதன் மேல் ஆயில், அதன் மேல் கிராங்க், மேலே ஐந்து மூடி. ஒவ்வொரு மூடியாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் கையால் சுற்றிப் பார்க்கணும் என்று புத்தகம் சொல்கிறது. முதல் மூடி, சுற்றியது. இரண்டாவது, சுற்றியது. மூன்றாவதை இறுக்கினதும் நின்றுவிட்டது. இம்மி நகரவில்லை.

எல்லாம் போச்சு, அவர் சொன்னது சரி, உடைச்சு வெச்சுட்டேன் என்று நினைத்தேன். அத்தை டீ கொண்டுவந்து வைத்தார். “நீ பேண்டுல முன்பக்கத்தைப் பின்பக்கமா வெச்சுத் தெச்சியே ஒரு தடவை, அந்தப் போலீஸ்காரருக்கு. அப்படி ஏதாவது இருக்கும் பாரு.”

அதேதான். மூடியில் ஒரு அம்புக்குறி இருக்கிறது, இன்ஜினின் முன்பக்கம் பார்க்கணும். என்னுடையது பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டேன். ஐந்தையும் இறுக்கிய பிறகு ஒரு விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. அத்தையும் ஒரு விரலால் தள்ளினார். இரண்டு பேரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டே இருந்தோம், வேறு வேலை இல்லாதவர்கள் மாதிரி.

மார்ச் 16

நகக்கண்ணில் கறுப்பு. எத்தனை சோப்பு போட்டாலும் போகவில்லை. வெள்ளைச் சட்டை ஆர்டர் எதையும் இந்த வாரம் தொடவில்லை.

மார்ச் 22

எழுதவேண்டாம் என்று நினைத்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பிஸ்டனுக்கு ரிங் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் மூன்று, அதன் வாய்கள் ஒரே பக்கம் வராமல் திருப்பி வைக்கணும். மாட்டியதைத் தகரப் பட்டையால் இறுக்கிப் பிடித்து, சுத்தியல் கட்டையால் மெல்லத் தட்டிக் குழிக்குள் இறக்கணும். பட்டையை நான் பிடித்திருந்தேன், சுத்தியல் அத்தை கையில். மூன்று பிஸ்டன் இறங்கியாயிற்று.

உற்சாகத்தில் சொன்னேன்: “இப்படியே போனா அவர் வர்றதுக்குள்ள ஹெட்டையும் மாட்டிடலாம் அத்தை.”

அத்தை சுத்தியலைக் கீழே வைத்தார்.

“அவன் வரமாட்டாம்மா.”

“வேலை ஜாஸ்தி, அதான்...”

“வேலை இல்லை. அங்க ஒருத்தி இருக்கா. கூடவே இருக்கா.”

நான் பட்டையை விட்டுவிட்டேன். ரிங் டப்பென்று தெறித்தது, இரண்டு துண்டு. அதைத்தான் முதலில் பார்த்தேன். ரிங் உடைஞ்சுடுச்சே என்றுதான் முதலில் தோன்றியது, சத்தியமாக.

“உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“நான் மூடியெல்லாம் கழுவினேன் பாரு, அன்னிக்குக் காலையில போன் பண்ணினான். உங்கிட்ட பக்குவமா சொல்லச் சொன்னான். எப்படிச் சொல்றது? கை பாட்டுக்குக் கழுவிட்டே இருந்தது. எது எதோடதுன்னு கண்ணே தெரியலை.”

“இவ்வளவு நாள் ஏன் எங்கூட உக்காந்து சுத்தியல் பிடிச்சீங்க?”

அத்தை சொன்ன பதில்: “நீ சிரிச்சிட்டிருந்தேம்மா.”

மார்ச் 23

கடை திறக்கவில்லை.

மார்ச் 27

அந்த வார்த்தையையே நினைச்சுட்டிருக்கேன். பார்க்கலாம்.

ஒரு நாளைக்குப் பத்து தடவை நான் சொல்ற வார்த்தை அது. நாளைக்குள்ள வேணும்னு வந்து நிப்பாங்க. பார்க்கலாங்க, அப்படின்னுவேன். முடியாதுன்னு அர்த்தம். எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். போய் வேற கடை பார்ப்பாங்க. இந்த ஊர்ல பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் பார்க்கலாம்னா என்னன்னு. எனக்குத் தெரியாமப் போச்சே? இல்ல, தெரியாத மாதிரி இருந்தேனா?

அவர் என் காதுல பூ சுத்தலை. நானே தேடிப் பறிச்சு வெச்சுக்கிட்டேன்.

வண்டி ஓடட்டும்னு சொன்னா வண்டியை ஓட வெக்கக் கிளம்பின ஒரே முட்டாள் நான்தான். மனுஷன் சாக்கு சொல்றார், நான் சாக்குக்கு ஸ்பேனர் வாங்கறேன்!

ஜோடி மாத்தினா இறுகிடும்னாரே பட்டறைக்காரர். எங்க இறுகுது? நல்லாத்தான் ஓடிட்டிருக்கார்.

ஏன் எங்கிட்ட நேரா சொல்லலை? ஒரு தடவை. இல்லைன்னு. வரமாட்டேன்னு. அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், முடிஞ்சிருக்கும். அம்மாகிட்ட சொல்லி அனுப்பறதுக்கு நான் என்ன, அவருக்குத் துணி தெச்சுக் குடுக்கற டெய்லரா?

ஆமா. அதுவும்தான்.

ஏப்ரல் 4

அத்தையிடம் பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறேன், சாப்பிடுகிறார். தட்டைக் கழுவி வைக்கிறார். அவர் மகன் பண்ணியதற்கு அவர் என்ன செய்வார் என்று புத்தி சொல்கிறது. வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 10

பட்டறையிலிருந்து போன். “ரிங் ஒண்ணு உடைஞ்சதுன்னு பெரியம்மா வந்து சொன்னாங்களே, புதுசு வந்திருக்கு மேடம்.”

நான் சொல்லவில்லை. அத்தை, கண் மங்கின மனுஷி, அவ்வளவு தூரம் தனியாக, துண்டு ரிங்கை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்து போயிருக்கிறார்.

ஏப்ரல் 12

ஷெட்டைத் திறந்தேன். திறந்தபடி கிடந்த நாலாவது குழிக்குள் தூசி. துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் முக்காலி இழுக்கிற சத்தம். சுத்தியலைக் கையில் கொடுத்தேன். தட்டினார். இறங்கியது.

ஏன் மறுபடி ஆரம்பித்தேன்? தைக்க எடுத்த துணியைப் பாதியில் போட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை எழுதக் கூசுகிறது. எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப்போகிறார்கள். வண்டி ஓடினால் வருவார் என்று இன்னும் ஒரு மூலையில் நினைக்கிறேன். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவரையும் கட்டிப்போட்டிருக்காதா?

“மெதுவாத் தட்டுங்க அத்தை” என்றேன். பேசிவிட்டேன்.

ஏப்ரல் 19

ஹெட் மாட்டினோம். இதற்கென்று பட்டறைக்காரர் அவருடைய ஸ்பேனரை இரவல் கொடுத்தார். தேவையான அளவு இறுகியதும் “டக்” என்று சொல்லும். இவ்வளவு போதும், இதற்கு மேல் போனால் உடையும் என்று வாயைத் திறந்து சொல்கிற ஸ்பேனர்! எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நடு போல்ட்டில் ஆரம்பித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஓரத்துக்குப் போகணும். ஓரத்தில் ஆரம்பித்தால் ஹெட் சரியாகப் படியாது, கசியும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துணியில் சுருக்கம் விழாமல் பின் குத்துவதும் நடுவிலிருந்துதான். முதலில் லேசாக ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று, கடைசியில் “டக்”. ஒவ்வொரு “டக்”குக்கும் அத்தை தலையை ஆட்டினார்.

நடுவில் கண்ணீர் வந்துவிட்டது. காரணம் ஒன்றுமில்லை. ஹெட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அத்தை துணியை எடுத்து, என் கண்ணைத் துடைக்காமல் ஹெட்டைத் துடைத்தார். “துரு பிடிக்கும்” என்றார். சிரித்துவிட்டேன்.

மே 2

பட்டறைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சங்கிலி கட்டி இன்ஜினைக் காருக்குள் இறக்கிக் கொடுத்தார்கள். காருக்குப் பல் முளைத்தாயிற்று.

மே 3

ஓடவில்லை. சாவியைத் திருப்பினால் உறுமுகிறது, பிறகு மேலே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டர் வழியாக “புஸ்” என்று தும்முகிறது. பெட்ரோல் வாசனை வீடு முழுக்க. திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடைசியில் பேட்டரியும் மயங்கிவிட்டது.

இதுகூட வரமாட்டேன் என்கிறதே.

மே 4

ஓடுகிறது.

நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறி அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரை நேர் எதிராகத் திருப்பி மாட்டியிருந்தேன். பெட்ரோலை அமுக்கி பிஸ்டன் மேலே வரும்போது விழவேண்டிய பொறி, புகையை வெளியே தள்ளி வரும்போது விழுகிறது. கூப்பிட்டால் வராமல், வேண்டாதபோது வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி. அரைச் சுற்று திருப்பிப் போட்டேன். பட்டறையில் சார்ஜ் போட்ட பேட்டரி. சாவி. ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. முதலில் கரகரப்பாக, அப்புறம் சீராக. எனக்குத் தெரிந்த சத்தம்தான். எங்கள் கல்யாணமான புதிதில் சாயங்காலம் தெருமுனையில் கேட்கும், நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். அதே சத்தம்.

அத்தை பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். “உயிர் இருக்கும்மா” என்றார்.

போனில் சத்தத்தைப் பதிவு செய்து அவருக்கு அனுப்பினேன். ஆமாம், அனுப்பினேன். மானம் ரோஷம் இல்லையா என்று கேட்டால், அந்த நிமிஷம் இல்லை.

உடனே பதில் வந்தது. ‘அட! ஞாயிற்றுக்கிழமை வரேன்.’

மே 7

வரேன் என்று எழுதியிருக்கிறார். பார்க்கலாம் என்று எழுதவில்லை. கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். அவருடைய நீலச் சட்டைக்கு பட்டன் போட்டு இஸ்திரி போட்டு வைத்தேன். அத்தை பார்த்தார். சட்டையை மறுபடி மடித்து வைத்துவிட்டுப் போனார்.

மே 10

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வந்தார். பஸ்ஸில். கையில் பை இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்கணும். தங்க வருகிறவர் பை இல்லாமல் வருவாரா? கொஞ்சம் பருத்திருந்தார், இடுப்பு இரண்டு அங்குலம் ஏறியிருக்கும். நேராக ஷெட்டுக்குப் போனார். பானட்டைத் திறந்து, குனிந்து, ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்து, சாவியைத் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

“யாரு கட்டினது?”

“நான்தான் சொன்னேனே. நானும் அத்தையும்.”

“பரவாயில்லையே!”

அவ்வளவுதான். பரவாயில்லையே. இத்தனை மாசம் இரும்போடு நான் போட்ட சண்டைக்கு அவர் கொடுத்த பேர் அது. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை, இன்ஜினைப் பார்த்துச் சொன்னார். இருந்தாலும் மனசு அதையும் எடுத்து வைத்துக்கொண்டது, வெட்கம் கெட்ட மனசு.

பிறகு சொன்னார், கையைத் துடைத்துக்கொண்டே. “அங்க வண்டி இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு. எடுத்துட்டுப் போறேன். அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், கொஞ்ச நாள் இருக்கட்டும். வண்டி இல்லாமதான் இவ்வளவு நாள் கூப்பிட முடியலை.”

இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நான் கேட்டேன்: “நீங்க இந்த வீட்டுக்குத் திரும்பி வருவீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தை சொல்லுங்க. எதுவா இருந்தாலும் கேட்டுக்கறேன்.”

அவர் ஆயில் குச்சியைத் திரும்ப உள்ளே செருகினார். “இப்ப எதுக்கு அதெல்லாம். முதல்ல இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கறேன். மத்ததெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.”

வண்டி ஓடியாயிற்று. இன்னும் பார்க்கலாம்தான்.

அத்தை வாசற்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் போய்க் கூப்பிட்டார். “கிளம்பும்மா. துணி ரெண்டு எடுத்து வெச்சுக்கோ.”

அத்தை மகனை அண்ணாந்து பார்த்தார். “வண்டி ஓடட்டும்டா. பார்க்கலாம்.”

“ஓடுதேம்மா! சத்தம் கேக்கலையா?”

“கேக்குது, கேக்குது. ஓடட்டும்.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய வார்த்தையை அவருக்கே யாரும் அதுவரை கொடுத்ததில்லை போலிருக்கிறது. அத்தை எழுந்து, முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி அவர் பேரில் இருக்கிறது, நான் தடுக்கவில்லை. ஜன்னலோரம் குனிந்து சொன்னேன்: “புது ரிங். ஆரம்பத்துல மெதுவாத்தான் ஓட்டணும். மேடு வந்தா திணற விடாதீங்க. கொஞ்ச தூரம் ஓடினதும் ஆயிலை மாத்திடுங்க.”

“எனக்குத் தெரியாதா?” என்றார். “வரேன்.”

அதற்கு நான் வழக்கமாகச் சொல்கிற “வாங்க” வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் போனார். திரும்பியதும் மிதித்தார். கத்தியது. இன்னும் பழகாத அந்தப் பச்சை இன்ஜின் கத்தியது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு ரிங்கும் ஒவ்வொரு மூடியும் என் கைக்குத் தெரியும், எது எங்கே உரசுகிறது என்று தெரியும். சத்தம் போன பிறகும் கேட்டிலேயே நின்றேன். அவர் போனதற்கு அழுதேனா, மிதித்ததற்கு அழுதேனா என்று இப்போதுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மே 11

ஷெட்டைப் பெருக்கினேன். தரையில் அந்தக் காரின் பழைய ஆயில் கறை. புதிதாக ஒரு சொட்டுகூட இல்லை. கசியாமல் கட்டியிருக்கிறேன்.

மே 13

நீலச் சட்டையைப் பிரித்தேன். நல்ல துணி. அத்தைக்குத் தலையணை உறை இரண்டு வந்தது.

மே 16

அத்தையை பஸ்ஸில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூன்றே நிறுத்தம். இத்தனை வருஷமாக இதற்கா வண்டி ஓடணும் என்று காத்திருந்தோம்? வரும்போது ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற வண்டியின் சத்தத்தை எல்லாம் கேட்டு, “இது ரிங் போச்சு”, “இது சைலன்ஸர்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் தப்பு. நான் திருத்தவில்லை.

நேற்று அவர் போன் பண்ணியிருந்தார். நான் எடுக்கவில்லை. அத்தையும் எடுக்கவில்லை.

மே 19

காலையில் ஒரு டீச்சரம்மா வந்தார்கள். திரைச்சீலைத் துணி, ஒரு மூட்டை. மகள் வீட்டுக்காம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

“முடியுமாம்மா?”

பழக்கதோஷம், “பார்” வரைக்கும் வாய் போய்விட்டது. நிறுத்தினேன்.

“முடியாதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள என்னால முடியாது.”

டீச்சரம்மா கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். “அப்படியா? நல்லவேளை சொன்னீங்க. நான் வேற இடம் பார்த்துக்கறேன்” என்று சொல்லி, மூட்டையை எடுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு போய்விட்டார்கள்.

மெஷின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அத்தை, “என்னம்மா, யாரு?” என்று கேட்டார். “முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன் அத்தை” என்றேன்.

இவ்வளவுதானா? இவ்வளவு நேரம்தான் ஆகுமா, இதைச் சொல்ல?